ஊரில் ஓடும் மீட்டர்

சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில், "ஆறு மாதம் வேலைக்குப் போக வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று நேயர்களைக் கேட்டிருந்தோம். பாதிப் பேர் தூங்குவோம் என்றார்கள். ஓர் அம்மா சமையலறைப் பக்கமே போகமாட்டேன் என்றார். நிபோங் தெபாலிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். வயது 27. பத்து காவான் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டே பேசினார். "எங்கயாவது வெளிநாட்டுல போயி ஆறு மாசம் வாழ்ந்து பாக்கணும் அக்கா. ஆனா அதெல்லாம் காசு உள்ளவங்களுக்குத்தானே?"

அடுத்த பாடலுக்கு நேரமாகிவிட்டது. "அப்படி இல்ல தம்பி" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. ஏனென்றால் நான் காசு உள்ளவளாக இருந்ததே இல்லை. ஆனாலும் போயிருக்கிறேன். எவ்வளவு ஆனது, எது வலித்தது என்பதெல்லாம் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை அதைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் கண் முன்னாலேயே இருக்கும் ஒரு காட்சி. பினாங்குத் தீவுக்குள் போனால், தஞ்சோங் பூங்கா பக்கமும் பத்து பெரிங்கி பக்கமும் வயதான வெள்ளைக்காரத் தம்பதிகள் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவதைப் பார்க்கலாம். 2002இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் வந்து தங்கியவர்கள் அவர்களில் உண்டு. எல்லாரும் கோடீசுவரர்கள் அல்லர். ஊரில் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் திணறியவர்கள், அதே பணத்தில் இங்கே கடல் தெரியும் வீட்டில் இருக்கிறார்கள். உலகத்தில் பலர் 'குறைந்த செலவில் வாழலாம்' என்று தேடி வரும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெளியே போய் வாழ்வது பணக்காரர்கள் சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதைவிட வேடிக்கை, நாமே அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். என் பாட்டியின் அப்பா 1936இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' ஏறியவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றுவார்களாம். கட்டில் கிடையாது, அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் இடம். பினாங்கில் இறங்கி, செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை ஆள்சேர்த்து அனுப்புவதை நிறுத்தியது. அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் போகவில்லை. தன் தாய் இறந்த செய்தி கடிதமாக வந்தபோது நாற்பது நாள் ஆகியிருந்தது என்று பாட்டி சொல்வார். சாதாரண வருமானத்தில் நெடுநாள் வெளிநாட்டு வாசம் என்றால் எங்கள் குடும்பத்தில் முதல் உதாரணம் அவர்தான். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையைப் பயணச் சீட்டில் எழுதவில்லை.

இனி என் கணக்கு.

2017இல் கோலாலம்பூரில் ஒரு வானொலியில் ஒப்பந்த அடிப்படையில் வேலை. சம்பளம் 2,700 வெள்ளி. கைக்கு வருவது 2,350 அளவில். ஊடகவியல் படிக்க வாங்கிய பி.டி.பி.டி.என். கடனுக்கு மாதம் 150. வாடகை அறை 550. ஒன்பது வருடக் கடனில் வாங்கிய மைவி காருக்கு 480. அம்மாவுக்கு 400. எண்ணெய், டோல், கார் நிறுத்தக் கட்டணம் 250. சாப்பாடும் கைப்பேசியும் 500க்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் மிச்சம் 20 வெள்ளி. 'சேமித்து உலகைச் சுற்றுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்கள் எந்தச் சம்பளத்தில் இருந்து பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும்.

அந்த நேரத்தில்தான் நியூசிலாந்தின் 'வேலையோடு விடுமுறை' விசா பற்றி ஒரு தோழி சொன்னாள். மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,150 இடங்கள். வயது 18 முதல் 30 வரை. ஆறு மாதம் தங்கலாம். தங்கும் செலவுக்குக் கையில் 4,200 நியூசிலாந்து டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஒரே முதலாளியிடம் மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. 4,200 டாலர் அன்றைக்கு ஏறத்தாழ 11,550 வெள்ளி. நான் வாழ்க்கையில் அவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்த்தது கிடையாது.

விசாவின் விவரத்தை எத்தனை முறை படித்தாலும் கண் அந்த 11,550இலேயே நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பாக்காப்பில் வீட்டு வாசலில் உட்கார்ந்து தம்பியிடம் புலம்பினேன். அவன் தொழிற்சாலைக் கணக்கன், சுருக்கமாகப் பேசுவான். "நீ அங்க போற செலவ மட்டும் பாக்குற. இங்க ஓடுற மீட்டர நிறுத்துனியா?" என்றான். டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே விருந்து சாப்பிடுவது மாதிரி, என்றான். விருந்து மலிவுதான். வெளியே மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று ஒரு தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தோம். ஒன்றில் நான் ஊரில் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும் செலவுகள்: அறை வாடகை, சாப்பாடு, எண்ணெய். இன்னொன்றில் நான் எங்கே போனாலும் என் பெயரில் ஓடுபவை: கார், கல்விக்கடன், அம்மா. பயணம் கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதை இந்த இரண்டாவது தாள்தான் முடிவு செய்கிறது. விமானச் சீட்டு ஒருமுறைச் செலவு; வலித்தாலும் முடிந்துவிடும். மாதம் 1,030 வெள்ளி ஆறு மாதத்துக்கு ஓடினால் 6,180. இரண்டு விமானச் சீட்டை விட அதிகம்.

காரைத் தம்பி எடுத்துக்கொண்டான். தவணையும் அவன் பொறுப்பு. கோலாலம்பூரில் நான் இலகு ரயிலுக்கு மாறினேன். தவணை, எண்ணெய், டோல் எல்லாம் போய், ரயில் செலவு கழித்து மாதம் 680 வெள்ளி கையில் நின்றது. கார் இல்லாத அறிவிப்பாளரைச் சில நண்பர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா, "இன்னும் கார் வாங்கலயா?" என்று கேட்டதற்கு, "வாங்கி விட்டுட்டேன் பெரியம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இருபது மாதத்தில் அது 13,600. மீதியைத் திருமண மண்டபங்கள் கொடுத்தன. வானொலியில் இருப்பவர்களுக்கு இந்த உபதொழில் தெரியும். திருமண விருந்து, பள்ளி ஆண்டு விழா, கோயில் நிதி திரட்டும் இரவு என்று வார இறுதிகளில் மேடையில் நின்று பேசினால் 300 வெள்ளி. பதினெட்டு மேடைகள். "மணமக்களை வாழ்த்திப் பேச அடுத்து வருகிறார்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் 300ஐக் கூட்டிக்கொண்டேன். மொத்தம் 19,000.

கல்விக்கடனைப் பற்றி ஒரு வார்த்தை. பி.டி.பி.டி.என். கட்டாதவர்களின் பெயர்கள் குடிநுழைவுத் துறையின் தடைப் பட்டியலில் இருந்த காலம் உண்டு. விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்களை எனக்கே தெரியும். அந்தப் பயணத் தடை 2018இல் நீக்கப்பட்டது. ஆனால் தடை போனதால் கடன் போய்விடவில்லை. போகும் முன் ஆறு மாதத் தவணைக்கான 900 வெள்ளியை வங்கியில் தனியே போட்டு, மாதாமாதம் தானாகக் கழியும்படி செய்தேன். அம்மாவுக்கான 2,400ஐயும் அப்படியே ஒதுக்கினேன். விமானச் சீட்டு, விசா, காப்புறுதி மூன்றுக்கும் சேர்த்து 4,000. ஆக, காட்ட வேண்டிய பணம் 11,550, கிளம்பும் செலவும் ஊர்ச் செலவும் 7,300. மொத்தம் 18,850. மிச்சம் 150 வெள்ளியில் அம்மா எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பினாங்குக் கடையில் வாங்கிய கம்பளி எந்தக் குளிருக்கு ஆகும்? இருந்தாலும் ஆறு மாதமும் அதைத்தான் போட்டேன்.

2019 மார்ச் 12, ஆக்லாந்தில் இறங்கினேன். மூன்றாம் நாள் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் துப்பாக்கிச்சூடு. 51 உயிர்கள். நான் இருந்தது வேறொரு தீவு, வேறொரு நகரம் என்று அம்மாவுக்கு வரைபடத்தில் காட்டிப் புரியவைக்க முடியவில்லை. "வந்துரு" என்றார். மறுநாளும் "வந்துரு". நான்காம் நாள் "சாப்டியா" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வேலை கிடைத்தது தெ புக்கே என்ற சிற்றூரில். கிவிப் பழத்தின் உலகத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். அளவில் சுங்கை பாக்காப்பைப் போலத்தான். ஒரு நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் கடைகள், பின்னால் தோட்டம். ரப்பருக்கும் செம்பனைக்கும் பதில் கிவிக்கொடி. தோட்டத்துக்குத் தப்பித்துப் படித்து நகரத்துக்குப் போன குடும்பத்தில் ஒருத்தி, பட்டத்தையும் வைத்துக்கொண்டு திரும்பத் தோட்டத்துக்கே வந்து நிற்கிறாளே என்று சிரிப்பு வந்தது. பாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பால் வெட்டுறியா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, பழம் அடுக்குறேன்." "வெயில் இல்லாம உக்காந்துதானே? பரவால்ல."

உட்கார வழியில்லை. பழம் பொதியிடும் கூடத்தில் ஓடும் பட்டையின் முன் நின்றபடி எட்டு மணி நேரம். ஏற்றுமதித் தரம் ஒரு பக்கம், வடு விழுந்தது, வடிவம் கோணியது இன்னொரு பக்கம். முதல் வாரம் தூக்கத்திலும் பழம் உருண்டது. மஞ்சள் சதைக் கிவி மார்ச், ஏப்ரலில் முதலில் வரும். பச்சை பின்னால் வந்து ஜூன் வரை போகும். மழை பெய்தால் பழம் பறிக்கமாட்டார்கள். ஈரப் பழம் கெட்டுவிடும். பறிக்காவிட்டால் பொதியிட எதுவும் வராது. வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அங்கே போக நினைக்கும் தம்பி தங்கைகள் இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு' என்ற எண்ணை நாற்பதால் பெருக்கி, பிறகு வாரத்தால் பெருக்கிக் கனவு காண்பது ஆபத்து. எனக்கு முதல் மூன்று வாரத்தில் ஒரு வாரம் பதினாறு மணி நேரம்தான் வேலை.

ஆனால் அந்த எண் நம்மை மயக்கும் எண்தான். 2019 ஏப்ரலில் நியூசிலாந்தின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.70 டாலர். அன்றைய மதிப்பில் 48 வெள்ளிக்கு மேல். அதே ஆண்டு நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 5 வெள்ளி 29 காசு. ஒன்பது மடங்கு. அங்கே கோழி இறைச்சியோ அரிசியோ ஒன்பது மடங்கு விலையில்லை. சாதாரண வருமானக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எங்கே இடம் கொடுக்கிறது என்றால் இங்கேதான். மலேசியச் சம்பளத்தைச் சேமித்து நியூசிலாந்து விலையில் செலவழித்தால் இரண்டு வாரத்தில் மூட்டை கட்ட வேண்டும். அங்கே சம்பாதித்து அங்கே செலவழித்தால் நிலைக்கலாம்.

மூன்று மாத விதி என்பதால் ஜூனில் பொதியிடும் கூடத்தை விட்டுக் குளிர்காலக் கவாத்துக்குப் போனேன். பழைய கொடிகளை வெட்டி, புதியவற்றைக் கம்பியில் வளைத்துக் கட்ட வேண்டும். நாள் முழுக்கக் கழுத்து வானத்தைப் பார்த்தபடி. வெட்டிய பகுதியின் அளவுக்குக் கூலி. ஆனால் அது மணிக் கணக்கில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரு வாரம் குறைத்துப் போட்டார். கூட இருந்த பஞ்சாபி அக்கா ஒருவர், அந்த ஊரிலேயே குடியேறியவர், சட்டத்தை எனக்குச் சொல்லி, அவரே போய்ப் பேசி வாங்கியும் கொடுத்தார். தெ புக்கேயில் பஞ்சாபிகள் நிறைய. ஞாயிறு குருத்துவாராவில் சப்பாத்தியும் பருப்பும் கிடைக்கும். பணம் மிச்சமானது ஒருபுறம், நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சாப்பாடு அது.

பகிர்ந்த அறைக்கு வாரம் 140 டாலர். சாப்பாட்டுக்கு 75. வேலை கிடைத்தது பத்தொன்பது வாரம். வரி போகச் சராசரி 540. தங்கும் செலவு, சாப்பாடு, கைப்பேசி, எண்ணெய்க்கு என் பங்கு, கடைசி மூன்று வாரம் தென் தீவைச் சுற்றியது எல்லாம் கழித்து, கொண்டுபோன 4,200 டாலரைத் தொடாமல் மேலே 3,000 டாலர் சொச்சம் நின்றது. செப்டம்பரில் பினாங்கில் இறங்கியபோது வங்கியில் 20,000 வெள்ளி. போகும்போது செலவழித்ததும் எடுத்துச்சென்றதும் 18,850. ஆறு மாதம் வெளிநாட்டில் வாழ்ந்து, 1,150 வெள்ளி லாபம்!

இந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்கும். வானொலியில் என்றால் இங்கே ஒரு பாடலைப் போட்டிருப்பேன்.

திரும்பி வந்தபோது என் ஒப்பந்தம் வேறொருவர் கையில் இருந்தது. "வந்ததும் பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். எழுதி வாங்காதது என் தவறு. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததில் அந்த 1,150உம் அதற்கு மேலும் போனது. எட்டு மாதம் ஊழியர் சேமநிதியில் ஒரு காசு விழவில்லை. இருபத்தொன்பது வயதில் விடுபட்டது அறுபதில்தான் தெரியும் என்பதால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே லாபம் என்று சொல்வது பொய். 'ஏறக்குறைய இலவசம்' என்பதும் பொய். 2,000 வெள்ளிக்குள் முடிந்தது என்றால் உண்மைக்குப் பக்கம்.

இன்னொன்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை, கவாத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது தம்பி அழைத்தான். பாட்டி போய்விட்டார். மறுநாள் நண்பகலுக்குள் எடுத்துவிடுவார்கள். பணம் இருந்தது, அவசரத்துக்கென்று திரும்பும் சீட்டுக்கான காசைத் தனியே வைத்திருந்தேன். நேரம்தான் இல்லை. தெ புக்கேயிலிருந்து ஆக்லாந்துக்குச் சாலையில் மூன்று மணி நேரம், அங்கிருந்து கோலாலம்பூர் பதினொரு மணி நேரம், பிறகு பினாங்கு. எந்த விமானத்தைப் பிடித்தாலும் வீட்டுக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அம்மா, "வராத, அங்கயே விளக்கேத்து" என்றார். தம்பி கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பஞ்சாபி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டியின் அப்பாவுக்கு நாற்பது நாள் கழித்துத் தெரிந்தது, எனக்கு நாற்பது நிமிடத்தில் தெரிந்தது. இருவருமே அங்கே இல்லை.

கிளம்பும் முன் அம்மாவிடம் நான் ஒன்றைப் பேசியிருந்தேன்: பாட்டிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று. அபசகுனம் என்று அதட்டினார். பிறகு அவரே, "நீ காத்திருந்து பாக்க வேண்டாம்" என்றார். அந்தப் பேச்சு நடந்திருக்காவிட்டால் எனக்கு அந்த இரவைக் கடந்திருக்க முடியாது. வயதானவர்களை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பேச்சைப் பேசிவிட்டுப் போங்கள்.

அடுத்து, நிபோங் தெபால் தம்பியின் வயதில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய விஷயம். எங்கள் தாமானில் ஒரு பையன் 2016இல் ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா விசாவில் போய்த் திராட்சை பறித்தான். முகவருக்கு 6,000 வெள்ளி. ஒப்பந்தக்காரன் தங்குமிடம், வேன் என்று பிடித்தது போக வாரத்துக்குக் கொடுத்தது கைச்செலவுக்குத்தான் ஆனது. புகார் செய்ய முடியாது. அவன் அங்கே வேலை செய்வதே குற்றம். பதினான்கு மாதம் கழித்து வந்தான், மூன்று ஆண்டு நுழைவுத் தடையோடு. அந்த ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தவர்களில் மலேசியர்கள்தான் முதலிடம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது வேலைக்கான நாள்களை நீட்டிக்கொள்ளும் வழி. நான் செய்ததும் அவன் செய்ததும் ஒரே மாதிரி பழவேலைதான். எனக்குச் சம்பளத்தைக் குறைத்தபோது சட்டத்தைக் காட்டிப் பேச முடிந்தது, அவனால் முடியவில்லை. வித்தியாசம் அந்த விசாத் தாள். கம்போடியா, மியன்மார் என்று 'கணினி வேலை, பெரிய சம்பளம்' விளம்பரங்களை நம்பிப் போய், கட்டாயப்படுத்தப்பட்டு மோசடி அழைப்புகள் செய்த நம் பிள்ளைகளின் கதையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். விமானச் சீட்டை அவர்களே எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னால், அங்கேயே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

சட்டப்படி ஆஸ்திரேலியா போகவும் வழி உண்டு. அங்கும் 'வேலையோடு விடுமுறை' விசா மலேசியர்களுக்கு இருக்கிறது. 18 முதல் 30 வயது, ஓராண்டு, உயர்கல்வித் தகுதி, ஆங்கிலத் தேர்ச்சி, 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு. விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறும். முகவரிடம் கேட்காமல் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நீங்களே படியுங்கள்.

சரி, முப்பது தாண்டிவிட்டதே, குடும்பம் ஆகிவிட்டதே என்பவர்களுக்கு? எனக்கும் இப்போது முப்பத்தைந்து. அந்தக் கதவு மூடிவிட்டது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நேரடி விமானம் விட ஆரம்பித்ததும், 2025இல் நானும் கணவரும் அம்மாவும் ஆறு வாரம் கும்பகோணத்தில் வீடு எடுத்துத் தங்கினோம். ரஜுலா ஒரு வாரம் மிதந்து வந்த தூரத்தை நான்கரை மணி நேரத்துக்குள் கடந்துவிட்டோம். அம்மா ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

இங்கேயும் அதே இரண்டு தாள்கள்தான். ஆனால் குடும்பஸ்தர்களுக்கு இரண்டாவது தாள் நீளம்: வீட்டுக் கடன் நிற்காது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை ஜாவியில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த உறவுக்காரக் குடும்பம் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அதில் மாதத் தவணையில் பாதி ஓடியது. கணவருக்குச் சேர்த்துவைத்த விடுப்போடு சம்பளமில்லா விடுப்பு மூன்று வாரம். சுற்றுலா விசாவில் வேலை செய்யக்கூடாது என்பதால் நான் ஒலிவாங்கியைக் கொண்டுபோகவில்லை. கிளம்பும் முன் ஒரு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து ஆறு வார இறுதி நிகழ்ச்சிகளையும் பதிவுசெய்து கொடுத்துவிட்டேன். இம்முறை எழுதியும் வாங்கினேன்.

கும்பகோணத்தில் முதலில் பேசிய வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். வெளிநாட்டுக் கடப்பிதழ்க்காரர்களைத் தங்கவைத்தால் அப்போது 'படிவம் சி' என்று ஒன்றைக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை வேண்டாம் என்றார். பேசும்போது தமிழர்தான், கடப்பிதழில் வெளிநாட்டுக்காரி. தெரிந்தவர் மூலம் அந்தப் படிவத்துக்குச் சம்மதித்த வேறொரு வீடு கிடைத்தது: மாதம் 14,000 ரூபாய், ஏறத்தாழ 700 வெள்ளி. ஆறு வாரம் என்பதால் முப்பது நாள் விசா போதாது, ஓராண்டு மின்விசா எடுத்தோம். ஒரு வாரச் சுற்றுலாக் குழுவில் மூன்று பேர் போயிருந்தால் ஆகும் செலவைவிட ஆறு வாரம் மலிவாக முடிந்தது. விடுதி அறைக்குக் கொடுப்பதும் வீட்டு வாடகைக்குக் கொடுப்பதும் வேறு. தினமும் வண்டி பிடித்து ஐந்து கோயில் பார்ப்பதும், காலையில் காவிரிக்கரை வரை நடந்துவிட்டு வந்து இட்டிலி சாப்பிட்டு நாளிதழ் படிப்பதும் வேறு.

பலர் மூன்றாவது ஒரு வழியைக் கேட்கிறார்கள். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதி வாரியம் 'நெகிழ்வுக் கணக்கு' என்று மூன்றாவது கணக்கைத் திறந்ததும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், பயணத்துக்கு எடுக்கலாமா என்று நிகழ்ச்சிக்கே அழைப்புகள் வந்தன. என் கருத்து: எடுக்காதீர்கள். எட்டு மாத ஓட்டையை இன்னும் அடைக்க முடியாதவள் சொல்கிறேன். கடன் அட்டைக்கும் இதே பதில்தான்.

கடன் வாங்கியே போனவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காஃபி ஹவுஸ்' என்ற சின்னத் தேநீர்க் கடை வைத்திருந்த விஜயன், மோகனா தம்பதி 2007 முதல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். தினமும் 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள், போதாததற்குக் கடன் வாங்கிப் போய்வந்து, அதை அடைத்து முடித்த பிறகே அடுத்த பயணம். 2021 நவம்பரில் விஜயன் காலமானார். அதற்கு முந்தைய மாதம்தான் இருவரும் ரஷ்யா போய்வந்திருந்தார்கள். அவர்கள் கடைக்கு ஆள் வைக்கவில்லை, எல்லா வேலையையும் இருவரே பார்த்தார்கள். கடை மூடியிருக்கும் நாளில் சம்பளம் கொடுக்க யாருமில்லை. அவர்கள் ஊரில் மீட்டர் ஓடவிடாதவர்கள். நம்மில் மைவிக்கும் கைப்பேசிக்கும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்களைப் பார்த்து அந்தக் கடனை மட்டும் கற்றுக்கொள்ளக்கூடாது.

கட்டுரைக்காகப் போன வாரம் அந்தத் தம்பியைத் திரும்ப அழைத்தேன். ஒட்டுக்கடையில்தான் இருந்தார். இரண்டு தாள் விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. தட்டில் ரொட்டியைக் கிழிக்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு வரிசையாகச் சொன்னார்: மோட்டார்த் தவணை 310, கைப்பேசித் தவணை 189, பி.டி.பி.டி.என். பாக்கி, தங்கச்சி கல்லூரிப் பணம் 300.

"மோட்டார அண்ணன் எடுத்துக்குவாரு. கைப்பேசி அடுத்த மாசியில முடியுது. தங்கச்சி காச நிறுத்த முடியாது அக்கா."

"அத நிறுத்தச் சொல்லல தம்பி. ஆறு மாசத்துக்கு முன்கூட்டியே எடுத்துவைக்கணும். ஆயிரத்து எண்ணூறு."

"1,800" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். "எனக்கு இருபத்தேழு. அப்ப இன்னும் மூணு வருசம் இருக்கு, இல்ல?"